ஆறு மஞ்சள் தொப்பிகளும் பதினோராவது தட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் டவுனிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம் வரும். காலை பத்தே முக்காலுக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் அங்கே எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் என் வயது ஐம்பத்திரண்டிலிருந்து எழுபதுக்கு ஏறி, மறுபடியும் இறங்கி வந்தது. கொட்டிய முடி மட்டும் திரும்பி வரவில்லை.

நான் தம்போயில் குடியிருக்கிறேன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். அதற்கு மேல் வாய் ஒத்துழைக்கவில்லை. சுற்றுலா வழிகாட்டி உரிமம் எடுத்து, ஒரு சின்ன நிறுவனத்துக்கு வேன் ஓட்ட ஆரம்பித்தேன். ஓட்டிக்கொண்டே பேசுவேன், நிறுத்தினாலும் பேசுவேன். "வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்து வந்து உங்க பேச்சைக் கேக்குறாங்க பாருங்க, அவங்கதான் தெய்வம்" என்பாள் என் மனைவி.

அந்தத் தோட்டத்துக் கோயில் இளைஞர் பகுதிக்கு ஆலோசகராக இருக்கும் ஒரு ஆசிரியர் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிவம் ஐந்து முடிச்ச மறுநாளே பையைத் தூக்கிக்கிட்டு சிங்கப்பூருக்கு ஓடுதுங்க. சுற்றுலான்னா என்ன, அதனால ஊருக்கு என்ன நல்லதுன்னு நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும்" என்றார். பேசச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. பேசாதே என்று சொன்னவர்கள்தான் அதிகம். தேதியைக்கூடக் கேட்காமல் சரி என்றேன்.

தேதி தெரிந்த பிறகு பார்த்தால், அன்றைக்கு என் வேனில் டென்மார்க் நாட்டுக்காரர்கள் ஆறு பேர். எல்லாரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மத்தியானம் மூன்றரை மணிக்கு செனாயில் அவர்களைக் கோலாலம்பூர் விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். காலை சும்மாதான் இருக்கிறது. அவர்களையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் என்ன? சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது உயிரோடு ஆறு சுற்றுலாப் பயணிகளை உட்கார வைத்துக் காட்டலாமே! அந்த யோசனை வந்தபோது என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே காப்பி வாங்கிக் குடித்தேன்.

இங்கே தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழிகாட்டிக்கு மூச்சு விடுவதற்கு அடுத்த முக்கியமான வேலை தலை எண்ணுவது. கூட்டத்தில் தலை எண்ணுவது கஷ்டம். அதனால் வேனில் ஏறியதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி கொடுத்துவிடுவேன். பசாரில் மீன் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவில் எங்கே சிதறினாலும் மஞ்சளை எண்ணினால் போதும். மற்ற வழிகாட்டிகளுக்கு இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்த ஆறு பேரில் ஐந்து பேர் என்னை மாதிரி, வாய் ஓயாது. ஆறாவது ஒரு அம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். நான்கு நாளும் வேனின் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொள்வார், யாரையும் உட்கார விடமாட்டார். இரண்டாம் நாள் அவராகவே சொன்னார்: இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தபோது இரண்டு பேராகத்தான் செய்தார்களாம். கணவர் போன வருடம் போய்விட்டார். அந்தப் பையை நகர்த்தச் சொல்லி நான் அதன்பிறகு கேட்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று முதல் நாளே எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். கோயிலை ஒட்டி ஒரு மண்டபம். முப்பது இளைஞர்கள், முன்வரிசையில் கோயில் தலைவர், பின்வரிசைகளில் கொஞ்சம் பெண்கள். என் விருந்தாளிகள் ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள். நான் கணினியைத் திறந்து, திரையில் எழுத்துகளைப் பளிச்சென்று போட்டேன். "வருகையாளரை வரவேற்கப் பத்து விதிகள்." முதல் விதி: பெயரையும் நாட்டையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஏழாவது விதி: வருகையாளரை ஒருபோதும் கண்பார்வையிலிருந்து தவறவிடாதீர்கள். இந்த ஏழாவதை மட்டும் சிவப்பில், பெரிய எழுத்தில் அடித்திருந்தேன். யார் கேட்டது?

ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். அந்த வருடம்தான் படிவம் ஐந்து முடித்தவள், இளைஞர் பகுதிச் செயலாளர்.

"அங்கிள், ஒரு சந்தேகம். இங்க வந்து அவங்க என்னத்தைப் பாப்பாங்க? செம்பனை இருக்கு. அதுக்குப் பின்னாடி என்னன்னு போய்ப் பாத்தா, அங்கயும் செம்பனைதான் இருக்கு."

மண்டபமே சிரித்தது. "இயற்கை இருக்கேம்மா" என்றேன்.

"எண்ணெய் மில்லு வாசமும் இயற்கைதானா அங்கிள்?"

இன்னும் பெரிய சிரிப்பு. கோயில் தலைவரே சிரித்தார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்த நேரம், வெளியே மேளம் அடிக்க ஆரம்பித்தது. நாதஸ்வரம், தவில், பெண்களின் பேச்சு, வந்து நின்ற காடிகளின் கதவுகள் சாத்தும் சத்தம். எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. "ஒரே இரைச்சலா இருக்கு, கவனம் சிதறும்" என்று சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, நடந்து போய், மண்டபத்துக் கதவை இழுத்துச் சாத்தினேன். நினைவில் வையுங்கள். சுற்றுலாவைப் பற்றிப் பேச வந்தவன், அந்தத் தோட்டத்தில் அன்றைக்குப் பார்ப்பதற்கு இருந்த ஒரே காட்சி வாசலில் நடந்து போகும்போது கதவைச் சாத்தியவன் நான்தான்.

திரும்பி மேடைக்கு வரும்போது எண்ணினேன். மஞ்சள் தொப்பி ஆறு. ரொம்ப சரி.

பத்தே முக்காலுக்குத் தேநீர் இடைவேளை விட்டோம். ஒரு குழுப் படம் எடுக்கலாம் என்று எல்லாரையும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டேன். ஐந்து தொப்பிகள் வந்தன. ஆறாவதைத் தேடினால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வீடுகள் இருக்கும் பக்கம் ஒரு மஞ்சள் தொப்பி தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மேடம்!" என்று கத்தினேன். தொப்பி நிற்கவில்லை. ஓடினேன். "மேடம், ஸ்டாப்!" தொப்பியின் வேகம் கூடியது. நானும் கூட்டினேன். என் உடம்புக்கு ஓட்டம் பழக்கமில்லை. வயிறு எனக்கு இரண்டடி முன்னால் ஓடியது, நான் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். வேலியோரம் திரும்பி, கோழிக் கூண்டைத் தாண்டி, யார் வீட்டுத் துணிக்கொடிக்கோ அடியில் குனிந்து, கடைசியில் ஒரு வீட்டு வாசலில் தொப்பி சட்டென்று நின்று திரும்பியது. கையில் மடக்கிய குடை, அடிப்பதற்குத் தயாராக.

தொப்பிக்கு அடியில் புடவை கட்டிய ஒரு தோட்டத்து அம்மா.

"என்னா தம்பி, பேய் பிடிச்ச மாதிரி தொரத்துற? இங்கிலீஷ்ல வேற கத்துற?"

எனக்கு மூச்சே வரவில்லை. தொப்பியைக் காட்டினேன். "இது... இது..."

"இதுவா? அந்த வெள்ளைக்காரம்மா குடுத்தாங்க. சன்னல் பக்கம் உக்காந்திருந்தேனா, மூஞ்சியில வெயிலு. அவங்களே கழட்டி எனக்குப் போட்டுவிட்டாங்க. சும்மா வாங்கிக்க முடியுமா? என் தலையில இருந்த மல்லிகையை எடுத்து அவங்களுக்கு வெச்சுவிட்டேன். எடுப்பா இருந்துச்சு."

"இப்ப அவங்க எங்கம்மா?"

"அப்பவே எழுந்து போயிட்டாங்களே. நீ கதவைச் சாத்துனியே, அதுக்கும் முன்னாடி."

அப்படியானால் அரை மணி நேரமாக நான் ஒரு தோட்டத்து அம்மாவை டென்மார்க்காரி என்று எண்ணிக்கொண்டு விதிகளை வாசித்திருக்கிறேன்.

இதற்கப்புறம் நான் நடந்துகொண்டதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மண்டபத்துக்கு ஓடிவந்து அந்த அம்மாவின் கைப்பேசிக்கு அடித்தேன். என் வேனுக்குள்ளிருந்து மணி அடித்தது. வேனைத் திறந்தேன். கடைசி சீட்டில் அவருடைய பை, பைக்குள் கைப்பேசி, கைப்பேசிக்குப் பக்கத்தில் மாத்திரை. மணி பதினொன்று. செம்பனைக்கு அடியில் எலி இருக்கும், எலி இருந்தால் நாகம் இருக்கும், நாகம் இல்லாத இடத்தில் சாக்கடைக் கால்வாய் இருக்கும் என்று என் மூளை எனக்கே ஒரு சுற்றுலா நடத்திக் காட்டியது. உரிமம் போகும், வேலை போகும், அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி சீட்டில் இரண்டு இடமும் காலியாகத் திரும்பிப் போனால்? அந்த நினைப்பு வந்ததும் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். மண்டபத்துக்குள் திரையில் ஏழாவது விதி இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்யச் சொன்னேன். பதற்றத்தில் "வெள்ளைக்காரங்களைப் பாத்தா உடனே மண்டபத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று நானே மைக்கைப் பிடுங்கிக் கத்திவிட்டேன். தோட்டத்து மக்கள் சுறுசுறுப்பானவர்கள். பத்து நிமிடத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் மூன்று வெள்ளைக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கின. மூன்று பேரும் அக்கம்பக்கத்தில் சிதறியிருந்த என்னுடைய ஆட்களே. ஒருவர் கழிவறையிலிருந்து பாதியில் அழைத்து வரப்பட்டிருந்தார்.

"ரிலெக்ஸ் லா அங்கிள்" என்று ஒரு குரல். கையைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்ட அதே பெண். "நீங்க கதவைச் சாத்துனப்ப வெளிய என்ன போச்சுன்னு பாத்தீங்களா?"

"என்ன போச்சு? மேளம் போச்சு."

"மேளம் மட்டும் தனியா போகுமா? எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அக்காவுக்கு இன்னைக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மண்டபத்து வாசல்ல காடியை நிறுத்திட்டு, இங்கேருந்துதான் தட்டு தூக்கிக்கிட்டு நடந்து போனாங்க. வாசல்ல மேளம் அடிக்குது, உள்ள நீங்க ஸ்லைடு போடுறீங்க. வெளிநாட்டுலேருந்து வந்தவங்க எதைப் பாப்பாங்க?"

மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

பந்தல் போட்ட வீடு. உள்ளே நடுக்கூடத்தில் பாய் விரித்து, இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வரிசையாகத் தட்டுகள்: புடவை, பழம், பூ, இனிப்பு, தேங்காய். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில், தலையில் மல்லிகை, நெற்றியில் சந்தனம், கையில் ரோஜாப்பூவோடு, ராஜமாதா மாதிரி உட்கார்ந்திருந்தார் என் கடைசி சீட்டு அம்மா. நான்கு நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே புத்தியும் போய்விட்டது. இல்லையென்றால் அத்தனை பேர் நடுவில் "மேடம்! டேப்லெட்!" என்று கத்தியிருப்பேனா?

பெண்ணின் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மாப்பிள்ளை பக்கமா?"

"இல்லீங்க. நான் இவங்களோட வழிகாட்டி. இவங்க சுற்றுலாப் பயணி. மண்டபத்துலேருந்து காணாமப் போயிட்டாங்க."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்தது பதினோரு தட்டு. தூக்க வேண்டிய பதினோரு பெண்களில் ஒருவர் வந்த காடி வழியில் படுத்துவிட்டது. தட்டை ஒற்றைப்படையில்தான் எடுத்துப் போக வேண்டும், ஒருவர் இரண்டு தட்டு தூக்கக் கூடாது. நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. மண்டபத்து வாசலில் தலையில் பூ வைத்துக்கொண்டு சிரித்த முகமாக ஒரு அம்மா நின்றார். மாப்பிள்ளையின் அத்தை வளையல் தட்டை அவர் கையில் வைத்து, "வாங்க, போலாம்" என்றுவிட்டார்.

"பொண்ணு ஜோகூர் பாருல வெளிநாட்டுக் கம்பெனியில வேலை பாக்குதே, அதோட மேனேஜர்னு நெனச்சேன்" என்றார் அத்தை.

"அலமாக்! நாங்க மாப்பிள்ளையோட சிங்கப்பூர் முதலாளி அம்மான்னு நெனச்சுல்ல நாற்காலி போட்டோம்" என்றார் சித்தப்பா.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"விசேஷத்துக்கு வந்தவங்கள நீ யாருன்னு எப்படிக் கேக்குறது? நீங்க கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. என்னுடைய முதல் விதியை அந்த வீட்டில் ஒருவர்கூடப் பின்பற்றவில்லை. நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா கையை உயர்த்தினார். வெள்ளை மீசை, கண்டிப்பான முகம், ஒரு கண் எப்போதும் சுவர்க் கடிகாரத்தில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பரிசத் தட்டைச் சுமங்கலிகள்தான் தூக்க வேண்டும் என்பார்கள். அதிலும் அது வளையல் தட்டு. கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் என்மேல் திரும்பின. மணப்பெண் உள்ளறை வாசலில் அலங்காரத்தோடு நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

இருக்கிறார், ஹோட்டலில் தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு சாதாரணப் பாறையைக் காட்டி, சுல்தான் உட்கார்ந்து இளைப்பாறிய பாறை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வேனில் பக்கத்து சீட்டில் வைத்திருந்த பை என் கையில் இருந்தது. வாய் திறந்தபடியே நின்றேன். ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு சொல்லும் வரவில்லை.

அதுவே பதிலாகிவிட்டது. "அப்ப அந்தத் தட்டை எடுத்திரலாம்" என்றார் பெரியப்பா. "வேற தட்டு தயார் பண்ணுங்க. நல்ல காரியம்."

என் கவனக்குறைவால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பரிசத்தில் குறை வந்துவிட்டது. ஒரு தொப்பியை நம்பியதால். தரை பிளந்தால் குதித்துவிடலாம் என்று பார்த்தேன். தரை நல்ல சிமெண்டுத் தரை.

அந்த நேரத்தில் அடுப்படி வாசலில் ஒரு குரல். "எதுக்குங்க எடுக்கணும்?"

மணப்பெண்ணின் அம்மா. அதுவரை அவர் கூடத்துக்கே வரவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பூ இல்லை, பொட்டு இல்லை. மகளின் பரிசத்தன்று அடுப்படி வாசலைத் தாண்டாமல் நின்றிருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கூப்பிட்டவங்கள்லயே பாதிப் பேரு வரல. கூப்பிடாதவங்க வந்து வெயில்ல தட்டைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்காங்க. அவங்க தொட்ட தட்டு ஆகாதுன்னா, நானும் அப்படித்தான். நான் தூக்கி வளத்த பொண்ணு மட்டும் உங்களுக்கு எப்படி ஆகும்?"

பெரியப்பா மீசையைத் தடவினார், தரையைப் பார்த்தார்.

முதலில் எழுந்தது மாப்பிள்ளையின் அம்மா. அவர் பெரியப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் பெண்ணின் அம்மா கையைப் பிடித்தார். "நீங்க ஏன் சம்பந்தி அங்கயே நிக்கிறீங்க? காலையிலேருந்து உங்களைத்தான் தேடுறேன். வாங்க இங்க" என்று இழுத்துக்கொண்டு வந்து தனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தார். பிறகு வளையல் தட்டை எடுத்துப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி மற்ற பத்துத் தட்டுகளுக்கு முன்னால் வைத்தார். உள்ளறை வாசலில் மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மை கன்னம் வரைக்கும் வந்திருந்தது.

"நான் சும்மாதான் லா கேட்டேன்" என்றார் பெரியப்பா.

"சும்மா கேட்டது போதும், மணியைப் பாருங்க" என்றார் அத்தை.

கூடம் வெடித்துச் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தட்டு மாற்றினார்கள்.

இவ்வளவும் தமிழில் நடந்ததால் கடைசி சீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பேசினார்கள் என்று என்னிடம் கேட்டார். சாப்பாடு எப்போது போடுவது என்று பேசுகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை, அடுத்த நிமிடமே இலை போட்டுவிட்டார்கள். நான் மாத்திரையை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். "எனக்கும் இதேதான்." இரண்டு பேரும் ஒரே சொம்புத் தண்ணீரில் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் கேசரியை ஒதுக்கிவைப்பதுபோல் பாவனை செய்து, யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பிட்டார்கள். நான் பார்த்தேன்.

மண்டபத்திலிருந்த மற்ற ஐந்து பேரையும் விடவில்லை, ஆள் அனுப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். எனக்கு இலை போட்ட சித்தப்பா காதோரம் குனிந்து, "நல்லா சாப்பிடுங்க, ஓடி இளைச்சிருக்கீங்க" என்றார். நான் துரத்திய தொப்பிக்கார அம்மாவும் பந்தியில் இருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் குடையைத் தொட்டுக் காட்டினார்.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். பாதி வழிவரை நான் வாயே திறக்கவில்லை. வண்டி ஓட்டும்போது நான் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான். கடைசி சீட்டு அம்மா அன்று கடைசி சீட்டுக்குப் போகவில்லை. தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் முன் சீட்டில் ஏறினார். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும், அந்தப் பெரியவர் என்ன கேட்டார், நீ ஏன் பதில் சொல்லவில்லை என்று மறுபடியும் கேட்டார். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்த மணப்பெண்ணின் தாயின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

எங்கள் நிறுவனத்தில் பயணம் முடியும்போது ஒரு படிவம் கொடுப்போம். ஜோகூரில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று ஒரு கேள்வி இருக்கும். நான்கு நாள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டிய கடற்கரை, அருவி, பழைய கட்டடம் எதையும் யாரும் எழுதவில்லை. ஆறு பேரும் அந்த வீட்டைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் கூடுதலாக, வழிகாட்டிக்குக் குரல் வளம் நன்று, கழிவறைவரை கேட்கிறது என்று எழுதியிருந்தார்.

அந்தப் படிவங்களைப் படமெடுத்து, செயலாளர் பெண்ணுக்கு அனுப்பினேன். இதோ உன் கேள்விக்குப் பதில், செம்பனைக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது என்று பெருமையாக எழுதினேன். இனி மாதம் ஒரு குழுவை விசேஷ வீடுகளுக்கு அழைத்துவரலாம் என்று ஒரு திட்டமும் சேர்த்து அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது.

"பரிசம் ஷோ இல்ல அங்கிள்."

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அந்த மண்டபத்துக்குப் போனேன். இந்த முறை கணினி கொண்டுபோகவில்லை. நான் கீழே உட்கார்ந்தேன், அவர்கள் பேசினார்கள். யாராவது அழைத்தால்தான் வீட்டுக்குள் போவது, கேட்காமல் படம் எடுப்பதில்லை, வருகிறவர்கள் சும்மா நிற்காமல் ஏதாவது ஒரு வேலையில் கைகொடுக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் வேன் அங்கே போகிறது. செம்பனைக் குலை வெட்டுவதை ஒருவர் காட்டுகிறார், மில் வாசம் ஏன் வருகிறது என்று இன்னொருவர் விளக்குகிறார், வந்தவர்கள் கோயில் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிறார்கள். செயலாளர் பெண் சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாலம் தாண்டி வந்துவிடுகிறாள். என்னை வெளிநாட்டவர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவள்தான். "இவரு எங்க அங்கிள், கதவு சாத்துறவரு."

டென்மார்க் அம்மா ஒவ்வொரு வருடமும் அந்தத் தாய்க்கு ஒரு அட்டை அனுப்புகிறார். மகளின் கல்யாணத்துக்கு அவருக்கு முறையாகப் பத்திரிகையும் போனது. வர முடியவில்லை, ஒரு டஜன் வளையல் அனுப்பினார்.

மஞ்சள் தொப்பிகளை நான் இன்னும் விடவில்லை, வெயிலுக்கு நல்லது. ஆனால் வேன் கிளம்பும் முன் இப்போதெல்லாம் இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணுகிறேன். எண்ணி முடிக்கும்போது, வந்தவர் யார் என்று கேட்பதற்கு முன்னால் அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிடுகிற ஊருக்கா நான் வரவேற்கக் கற்றுக்கொடுக்கப் போனேன் என்ற நினைப்பு தவறாமல் வரும். யாரும் கேட்காமலே தனியாகச் சிரித்துக்கொண்டு வண்டியை எடுப்பேன்.